படம் வரவில்லை, பாட்டு மட்டும் கேட்கிறது: கொடை வீடியோவும் வீட்டுக் கணினியும்

அம்பாசமுத்திரம் வாசகர் கேட்டது, 18 ஆகஸ்ட் 2025

எங்கள் சுடலைமாடன் கோயில் கொடை விழாவை உள்ளூர் ஸ்டுடியோக்காரர் ஒருவர் வீடியோ எடுத்து எம்பி4 கோப்பாகப் பென்டிரைவில் தந்தார். வீட்டு டெஸ்க்டாப்பில் போட்டால் வில்லுப்பாட்டு நன்றாகக் கேட்கிறது, படம் மட்டும் கறுப்பாக நிற்கிறது. மகளின் போனில் அதே கோப்பு தெளிவாக ஓடுகிறது. கணினிக் கடையில் கேட்டால், விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட வேண்டும் என்கிறார்கள். கெட்டது கோப்பா, கணினியா? அண்ணாச்சிமார் யாராவது சொல்லுங்கள்.

18 ஆகஸ்ட் 2025, இரவு

இரண்டும் கெடவில்லை என்றே எனக்குப் படுகிறது. ஆகவே எதையும் அழிக்க வேண்டாம். போனில் ஓடுவதால் கோப்பு முழுமையாக இருக்கிறது. கணினியில் ஒலி தடையின்றிக் கேட்பதால் பென்டிரைவைப் படிப்பதிலும் சிக்கல் இல்லை. எஞ்சுவது ஒன்றுதான்: அந்தப் படம் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறதோ, அதை விரிக்கத் தெரிந்த கோடெக் என்ற மென்பொருள் உங்கள் விண்டோஸில் இல்லை.

மற்ற எம்பி4 கோப்புகள் எல்லாம் ஓடுகின்றனவே என்று நீங்கள் கேட்கக்கூடும். எம்பி4 என்பது தூக்குவாளிதான். உள்ளே இருப்பது சொதியா ரசமா என்பதை வாளியின் பெயர் சொல்லாது. 2003இல் வந்த ஹெச்.264 முறையில் சுருக்கிய படத்தையும் எம்பி4 கோப்புக்குள் வைக்கலாம், 2013இல் வந்த ஹெச்.265 முறையில் சுருக்கியதையும் வைக்கலாம். ஏறத்தாழ அதே தரத்தைப் பாதி அளவிலேயே தந்துவிடும் என்பதால், இப்போதைய கேமராக்களும் போன்களும் இரண்டாவதை விரும்புகின்றன. விண்டோஸ் 10இன் சொந்த பிளேயர் அதைக் காட்டுவதற்கு மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து ஒரு நீட்சியை விலைக்கு வாங்கச் சொல்லும். காசு கொடுக்காமலே தீர்க்க வழி உண்டு. வி.எல்.சி. பிளேயரை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்கி நிறுவுங்கள். அது ஏறத்தாழ எல்லாக் கோடெக்குகளையும் தன்னோடே கொண்டுவருகிறது, விண்டோஸை எதிர்பார்ப்பதில்லை. பிறகு கோப்பைத் திறந்து, கன்ட்ரோலும் ஜே விசையும் சேர்த்து அழுத்தினால் உள்ளே இருப்பது என்ன என்று பட்டியல் வரும். அதில் கோடெக், அகல உயரம், பிரேம் வீதம் (நொடிக்கு எத்தனை படங்கள் என்பது) ஆகிய மூன்றையும் இங்கே எழுதுங்கள்.

'கோடெக் பேக்' என்ற பெயரில் கிடைப்பதை எல்லாம் இறக்கி நிறுவ வேண்டாம். எங்கள் பாளையங்கோட்டைத் தெருவில் ஒருவர் அப்படிச் செய்ததில் வீடியோ ஓடியது. கூடவே பிரவுசரின் முகப்புப் பக்கமும் மாறி, நாள்தோறும் விளம்பரச் சன்னல்கள் எழத் தொடங்கின.

18 ஆகஸ்ட் 2025, சற்றுப் பின்னர்

ஒன்று விட்டுப்போயிற்று. விண்டோஸ் பிளேயர் காட்டும் பிழை எண்ணை யாரும் குறித்துக்கொள்வதில்லை. முழு எண்ணும் நீளமானது என்றாலும் அதன் கடைசி நான்கு எழுத்துகள் போதும். 5212 என்று முடிந்தால் கோடெக் இல்லை என்று பொருள். 36சி4 என்று முடிந்தால், கோப்பின் வகையே பிளேயருக்குப் புரியவில்லை. வகை புதிதாக இருக்கலாம், கோப்பின் தலைப்பகுதி சிதைந்தும் இருக்கலாம். 0570 என்று முடிந்தாலோ, 'சைக்ளிக் ரிடண்டன்சி செக்' என்ற சொற்கள் வந்தாலோ, பிளேயரை மாற்றிப் பயன் இல்லை. சேமித்து வைத்திருக்கும் வட்டோ பென்டிரைவோ தகராறு செய்கிறது. அந்த நிலையில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்காமல், படிக்க முடிகிற மட்டும் உடனே வேறிடத்துக்கு நகல் எடுத்துவிட வேண்டும்.

20 ஆகஸ்ட் 2025

அம்பாசமுத்திரத்துத் தம்பி விவரம் எழுதியிருக்கிறார்: ஹெச்.265, 3840க்கு 2160, 50 பிரேம், 10 பிட் (நிறத்தை எவ்வளவு நுணுக்கமாகப் பதிவது என்ற அளவு). கணினியில் இருப்பது இன்டெல் 4ஆம் தலைமுறை ஐ3. வி.எல்.சி. நிறுவியதும் படம் வந்துவிட்டது. ஆனால் நின்று நின்று ஓடுகிறது, சாமியாடுகிறவர் சிலைபோல் உறைந்துவிட்டு அடுத்த நொடி வேறிடத்தில் தெரிகிறார் என்கிறார்.

வி.எல்.சி. போதும் என்று முந்தாநாள் எழுதியதோடு இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கோடெக் இருப்பது ஒரு காரியம். அந்தக் கணக்கை நேரத்துக்குள் போட்டு முடிப்பது வேறொரு காரியம். ஹெச்.264 படத்தை விரிக்க 4ஆம் தலைமுறைச் சிப்பில் தனி வன்பொருள் இருக்கிறது. ஹெச்.265 முறைக்கு இன்டெல்லில் முழுமையான வன்பொருள் 6ஆம் தலைமுறையில் 8 பிட்டுக்கும், 7ஆம் தலைமுறையில் 10 பிட்டுக்கும் வந்தது. அதற்கு முந்தைய கணினியில் முழுச் சுமையும் பொதுவான பிராசசர் தலையில் விழுகிறது. நொடிக்கு 50 பிரேம், ஒவ்வொன்றிலும் 80 லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் என்றால் அந்த ஐ3 திணறாமல் என்ன செய்யும்? டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு வீடியோவை ஓட்டினால், சிபியு, அதாவது பிராசசர், நூறு விழுக்காட்டில் முட்டி நிற்பதைப் பார்க்கலாம். அப்படி முட்டினால் காரணம் இதுவே; முட்டாமலே படம் தடுமாறினால் பென்டிரைவின் வேகத்தைச் சந்தேகிக்க வேண்டும். பென்டிரைவிலிருந்து நேராக ஓட்டாமல் கணினிக்கு நகல் எடுத்து ஓட்டிப் பார்த்தால் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இவருக்கு உகந்த வழி, கோப்பை ஒருமுறை மாற்றி எழுதிக்கொள்வது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ஹெச்.264, 8 பிட், 1080 என்று தெரிவு செய்ய வேண்டும். பிரேம் வீதத்தில் கவனம் தேவை: ஆயத்தமாக இருக்கும் தெரிவுகள் சில 30 என்ற உச்சவரம்பை வைத்திருக்கும், 50இலிருந்து 30க்குக் குறைக்கும்போது ஒழுங்கற்ற இடைவெளிகளில் பிரேம்கள் விடுபட்டு, உடுக்கை அடிப்பவரின் கை விட்டுவிட்டு அசையும். மூலத்தில் உள்ளபடியே என்பதைத் தெரிவு செய்யுங்கள். பழைய கணினியில் இந்த வேலை விடியவிடிய ஓடும், ஓடட்டும்.

மாற்றியதை வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள். 10 பிட்டில் எடுத்ததை 8 பிட்டுக்கு இறக்கினால் இழந்தது திரும்பி வராது. நாளைக்கு நல்ல கணினி வாங்கும்போது மூலம்தான் உதவும்.

21 ஆகஸ்ட் 2025

கடைக்காரர் இப்போது, விண்டோஸை மாற்றாமல் ரேமை மட்டும் கூட்டினால் போதும் என்கிறாராம். அடுத்த வாரம் கேட்டால் மௌஸை மாற்றச் சொல்வார். 4 ஜிபி ரேம் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் டாஸ்க் மேனேஜரில் மெமரி பாதியில் நிற்க, சிபியு உச்சியில் முட்டும்போது ரேம் வாங்குவது வீண்செலவு.

23 ஆகஸ்ட் 2025

மேலப்பாளையத்திலிருந்து ஒருவர், தம் கணினியில் எந்த வீடியோவும் பச்சைப் பசேலென்று தெரிவதாக எழுதியிருக்கிறார். ஒலி சரி, கோப்புகள் சரி, எல்லாமே ஹெச்.264. வி.எல்.சி.யில் டூல்ஸ், பிரிஃபரன்சஸ், இன்புட் – கோடெக்ஸ் என்று சென்று வன்பொருள் முடுக்கத்தை (படம் விரிக்கும் வேலையைக் கிராபிக்ஸ் சிப்புக்குத் தரும் வசதியை) நிறுத்தச் சொன்னேன்; பச்சை போய்விட்டது. கிராபிக்ஸ் டிரைவருக்கும் பிளேயருக்கும் ஒத்துவராதபோது இது நேரும். கையோடு கணினி தயாரிப்பாளரின் தளத்திலிருந்து டிரைவரைப் புதுப்பித்துவிட்டு, முடுக்கத்தை மறுபடி இயக்கிப் பார்ப்பது நல்லது. நிறுத்தியே வைத்தால் வேலை முழுவதும் பிராசசருக்குப் போய், பெரிய கோப்புகளில் படம் தடுமாறும்.

இதே வழி தனக்கும் உதவுமா என்று அம்பாசமுத்திரத்துத் தம்பி கேட்கிறார். உதவாது. அவர் சிப்பில் 10 பிட் ஹெச்.265 முறைக்கு நிறுத்துவதற்கென்று முடுக்கமே கிடையாது.

27 ஆகஸ்ட் 2025

வள்ளியூர் வாசகரின் சிக்கல் வேறு வகை, கவலைக்குரியதும்கூட. சாமக்கொடையை முழுவதும் எடுத்துக்கொண்டிருந்த கேமராவில் பாட்டரி இல்லை, அடாப்டரில் ஓடியிருக்கிறது. கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் கேமரா அணைந்துவிட்டது. கார்டில் பல ஜிபி அளவில் கோப்பு இருக்கிறது. எந்த பிளேயரிலும் திறக்கவில்லை, போனிலும் இல்லை.

இங்கே கோடெக்கின் மேல் பழி இல்லை. எம்பி4 கோப்பில் எந்தப் பிரேம் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்று சொல்லும் அட்டவணை ஒன்று உண்டு. பெரும்பாலான கேமராக்கள் பதிவு முடிந்தபின்தான் அதைக் கோப்பின் கடைசியில் எழுதுகின்றன. நடுவில் மின்சாரம் போனால் படமும் ஒலியும் கார்டில் இருக்கும், அட்டவணை இருக்காது. அட்டவணை இல்லாத கோப்பை எங்கிருந்து படிப்பது என்று எந்த பிளேயருக்கும் தெரியாது.

செய்ய வேண்டியது: அந்தக் கார்டில் இனி எதையும் பதிவு செய்யக் கூடாது. முதலில் கோப்பைக் கணினிக்கு நகல் எடுங்கள். பிறகு கார்டை அதே கேமராவில் செருகி இயக்குங்கள்; சில கேமராக்கள் முடியாமல் நின்ற பதிவைத் தாமே கண்டு, சரிசெய்யட்டுமா என்று கேட்கும். கேட்காவிட்டால் அன்ட்ரங்க் என்ற திறமூல மென்பொருள் இருக்கிறது. அதற்கு அதே கேமராவில், அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாகக் கொடுக்க வேண்டும். மதியக்கொடைப் பதிவு நன்றாக ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அதையே மாதிரியாகக் கொடுங்கள்.

28 ஆகஸ்ட் 2025

எம்பி4 என்ற பெயரை ஏவிஐ என்று மாற்றினால் ஓடும் என்று ஒருவர் ஆலோசனை சொல்லியிருக்கிறார். பெயர் மாற்றினால் ஓடும் என்றால் எங்கள் ஊர்ப் பள்ளியில் பாதிப் பேர் பத்தாம் வகுப்பில் பெயரை மாற்றிக்கொண்டு தேறியிருப்பார்கள். பெயர் தவறாக இடப்பட்ட கோப்பில் மட்டும் அது பயன்படும்.

ஆனால் ஏவிஐ பற்றிச் சொல்ல ஒன்று உண்டு. 1992இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த பழைய வடிவம் அது. அதன் அட்டவணையும் வழக்கமாகக் கடைசியில்தான் இருக்கும். ஆயினும் அட்டவணை சிதைந்த ஏவிஐ கோப்பைத் திறந்தால், அதைப் புதிதாகக் கட்டட்டுமா என்று வி.எல்.சி. கேட்கும், சம்மதித்தால் பெரும்பாலும் ஓடிவிடும். வள்ளியூர்க்காரரின் கோப்புக்கு அந்த யோகம் இல்லை.

28 ஆகஸ்ட் 2025, மாலை

கொடையைக் கணினி வழியாக யூடியூபில் நேரலை விடும் பையன்களுக்கு: ஓபிஎஸ் மென்பொருளில் பதிவு வடிவத்தை எம்கேவி என்று வையுங்கள். எம்கேவி கோப்பு நடுவில் அறுபட்டாலும் அதுவரை பதிந்தது ஓடும். பிறகு எம்பி4 வேண்டுமானால் ஃபைல் மெனுவில் ரீமக்ஸ் என்று இருக்கிறது; படத்தைத் தொடாமல் வடிவத்தை மட்டும் மாற்றுவதால் தரம் குறையாது, நேரமும் பிடிக்காது. கேமராவில் வடிவத்தை மாற்ற வழியில்லாதவர்கள், அடாப்டர் இருந்தாலும் உள்ளே பாட்டரியைப் போட்டே ஓட்டுங்கள். பெரும்பாலான கேமராக்களில் அது ஒன்றே போதும்.

6 செப்டம்பர் 2025

பேட்டையிலிருந்து எழுதும் அக்கா, வில்லுப்பாட்டில் வீசுகோல் வில்லில் படுவது ஒரு நேரம், மணியோசை வருவது ஒரு நேரம் என்கிறார். ஒலியும் படமும் ஒட்டவில்லையா என்று பார்க்க வில்லுப்பாட்டைவிட நல்ல சோதனை கிடையாது. வாயசைப்பில் தெரியாத பிசகு வீசுகோலில் தெரிந்துவிடும்.

அவர் ஒன்றைக் கவனித்துச் சொல்ல வேண்டும். தொடக்கம் முதல் கடைசிவரை பிசகு ஒரே அளவாக இருக்கிறதா, போகப் போக வளர்கிறதா? ஒரே அளவு என்றால் முதலில் புளூடூத் ஸ்பீக்கரை விலக்கிவிட்டு, வயர் வழியாகக் கேட்டுப் பாருங்கள். புளூடூத் ஒலி படத்துக்குப் பிந்துவது வழக்கம். அதன்பிறகும் இருந்தால், வி.எல்.சி.யில் ஜே, கே விசைகள் ஒலியை நொடியின் இருபதில் ஒரு பங்கு அளவாக முன்னும் பின்னும் நகர்த்தும். வளர்ந்துகொண்டே போகிறது என்றால், போனில் எடுத்த வீடியோவாக இருக்கும். வெளிச்சம் குறைந்தால் பல போன்கள் பிரேம் வீதத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்கின்றன. வீதம் மாறாது என்று எண்ணிக்கொண்டு வேலை செய்யும் எடிட்டிங் மென்பொருளில் அதைப் போட்டு எடுத்தால் ஒலி சிறிது சிறிதாக விலகும். எடிட் செய்வதற்கு முன்பே, ஹேண்ட்பிரேக்கில் நிலையான பிரேம் வீதம் என்று தெரிவு செய்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

7 செப்டம்பர் 2025

வளர்கிறது, போனில் எடுத்ததுதான் என்று பேட்டை அக்கா உறுதி செய்திருக்கிறார். அதே வீடியோவில் சீரியல் செட் விளக்குகளின் மேல் கறுப்புப் பட்டைகள் ஏறி இறங்குவதும் பிளேயரின் கோளாறா என்று கேட்கிறார். இல்லை. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று ஓடுகிறது. மலிவான எல்இடி விளக்குகள் அதன் இரட்டிப்பு வேகத்தில் மின்னுகின்றன. போன் 30 பிரேமில் எடுத்தால் இரண்டும் ஒத்துப்போகாமல் பட்டை விழும். 25 அல்லது 50 பிரேமில், ஷட்டரை நொடியின் ஐம்பதில் ஒரு பங்காக வைத்து எடுத்தால் பெரும்பாலும் விழாது. எடுத்தபின் எந்த பிளேயரும் அதைத் துடைத்துத் தராது.

19 செப்டம்பர் 2025

பழைய சிடிகளைப் பற்றிக் கேட்டவர்களுக்கு இதை விரிவாகவே எழுதுகிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இந்த வேலையில் நான் நிறைய நேரம் செலவிட்டிருக்கிறேன். 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஏறி வந்தபோது மீனாட்சிபுரத்தில் என் சித்தி வீட்டில் அலமாரியின் கீழ்த்தட்டு முழுவதும் சேற்றுத் தண்ணீரில் நின்றது. அதில் கல்யாண விசிடிகளும், ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கும் இருந்தன.

சிடிகளில் பெரும்பாலானவை பிழைத்தன. நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, தேய்க்காமல், மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைத்து, நிழலில் உலர்த்தினோம். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தின் போக்கிலேயே நீளமாக விழும். நேராக விழும் கீறலைச் சமாளிக்கும் திருத்தக் கணக்கு, நீளக் கீறலில் தோற்றுவிடும். மேற்பக்கத்தில் ஸ்டிக்கர் ஒட்டியவையும் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதியவையும்தான் போயின. சிடியில் பளபளப்புப் படலம் லேபிளுக்கு நேர் கீழே இருக்கிறது; ஆகையால் கீழ்ப்பக்கக் கீறலைவிட மேற்பக்கக் கீறல் கொடியது.

விசிடியைக் கணினியில் திறந்தால் எம்பெகேவி என்ற கோப்புறையில் டேட் என்று முடியும் கோப்புகள் இருக்கும். விண்டோஸ் பிளேயர் மறுத்தாலும் வி.எல்.சி. ஓட்டும். 352க்கு 288 அளவுதான். இன்றைய பெரிய திரையில் மங்கலாகத் தெரிவதைப் பிழை என்று எண்ண வேண்டாம். வீடியோ காசெட்டிலிருந்தோ டிவிடியிலிருந்தோ எடுத்த பழைய படங்களில் அசையும் உருவங்களின் ஓரம் சீப்புப் பல்லாகத் தெரிந்தால், வி.எல்.சி.யில் டி விசையை ஒருமுறை அழுத்துங்கள். அந்தக் காலத்துக் கேமரா ஒற்றைப்படை வரிகளையும் இரட்டைப்படை வரிகளையும் தனித்தனி நேரத்தில் பதிந்ததன் விளைவு அது.

ஹார்ட் டிஸ்க்கின் கதை வேறு. பெரும்பாலான டிஸ்க்குகளில் காற்றழுத்தம் சமனாக ஒரு நுண்துளை இருக்கும்; தண்ணீரும் அதன் வழியே போகக்கூடும். வெயிலில் காயவைத்து இணைத்துப் பார்ப்போம் என்று சித்தி மகன் சொன்னதை நான் தடுத்தேன். சுழலும் தட்டுக்கும் படிக்கும் முனைக்கும் நடுவே உள்ள இடைவெளி தூசித் துகளைவிடச் சிறியது. சேறு காய்ந்த தட்டைச் சுழற்றினால் முனை உரசி, இருந்ததும் போய்விடும். இயக்காமலே மீட்பு நிலையத்துக்குக் கொடுத்தோம். கல்யாணம் கிடைத்தது, காதுகுத்து கிடைக்கவில்லை.

வெள்ளத்தில் நனையாமலே திணறும் டிஸ்க்குகளுக்கும் இது பொருந்தும். டக் டக் என்று சத்தம் வந்தால் அணைத்துவிடுங்கள். சத்தமில்லாமல் சில இடங்களில் மட்டும் படிக்க மறுத்தால், டிஸ்க்கைத் 'திருத்தும்' கட்டளைகளை முதலில் ஓட்ட வேண்டாம்; லினக்ஸில் உள்ள டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் முதலில் நல்ல பகுதிகளை எல்லாம் நகல் எடுத்துவிட்டு, பிறகுதான் கெட்ட பகுதிகளுக்குத் திரும்பும்.

23 செப்டம்பர் 2025

பென்டிரைவில் இடம் நிறைய இருந்தும் பெரிய வீடியோ நகலாக மறுக்கிறது என்று இருவர் எழுதியுள்ளனர். பென்டிரைவ் ஃபேட்32 என்ற சேமிப்பு முறையில் இருக்கும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள், மாற்றும்போது உள்ளே இருப்பது அழியும். பழைய டிவி எக்ஸ்ஃபேட்டைப் படிக்காவிட்டால் வீடியோவைத் துண்டாக்குவதே வழி.

மிக மலிவாக 1 டிபி என்று விற்கும் பென்டிரைவில் முதல் சில வீடியோக்கள் ஓடி, மற்றவை குப்பையாகத் தெரிந்தால் அது போலி. ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறிய மென்பொருள் முழு இடத்தையும் எழுதிப் படித்து உண்மை அளவைச் சொல்லிவிடும். வாங்கிய அன்றே சோதியுங்கள்.

15 அக்டோபர் 2025

நேற்றோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு முடிந்ததால் இனி வீடியோ ஓடாது என்று ஒரு கடையில் சொன்னார்களாம். பாதுகாப்புத் திருத்தங்கள் வழக்கம்போல் வராது. இணையத்தில் வங்கி வேலை பார்ப்பவர்கள் கவலைப்பட வேண்டிய செய்திதான். நேற்று ஓடிய வீடியோ இன்றும் ஓடும்.

யூடியூப் மட்டும் திக்குகிறது என்று கேட்டவர், வீடியோவின் மேல் வலது சொடுக்கி 'ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' பார்க்கட்டும். கோடெக் என்ற வரியில் விபி09 அல்லது ஏவி01 என்று இருந்து, விடுபட்ட பிரேம்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், 20 ஆகஸ்ட் அன்று எழுதிய அதே காரணம்: அந்த முறையை விரிக்கும் வன்பொருள் பழைய சிப்பில் இல்லை. ஹெச்264ஐஃபை என்ற பிரவுசர் நீட்சி, பழைய கணினிக்கு ஏற்ற ஹெச்.264 வடிவத்தையே யூடியூப் அனுப்பும்படி செய்யும். 1080க்கு மேல் தெளிவு கிடைக்காது, படம் திக்காமல் ஓடும்.

2 நவம்பர் 2025

வள்ளியூர் வாசகர் முடிவைத் தெரிவித்துவிட்டார். கேமரா தானாகக் கேட்கவில்லை. அன்ட்ரங்க் முதலில் தோற்றது, காரணம் மாதிரியாகக் கொடுத்த மதியக்கொடைப் பதிவு 25 பிரேமிலும், சாமக்கொடை 50 பிரேமிலும் இருந்திருக்கின்றன. 'அதே அமைப்பு' என்று நான் எழுதியதன் காரணம் இதுதான். அதே கேமராவில் 50 பிரேம் வைத்து வீட்டு வாசலைச் சிறிது நேரம் எடுத்து, அதை மாதிரியாகக் கொடுத்ததும் கோப்பு திறந்துவிட்டது. கரண்ட் போவதற்குச் சற்று முன்னால் சில நொடிகள் படம் கட்டங்கட்டமாகச் சிதறுகிறது, ஒலி மட்டும் ஓடுகிறது என்கிறார். கடைசித் துணுக்குகள் கார்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் மின்சாரம் போய்விட்டதால் அவ்வளவுதான் கிடைக்கும். அந்த நொடிகளை வெட்டிவிடலாமா என்று கேட்கிறார். பார்ப்பதற்கான நகலில் வெட்டுங்கள். கார்டிலிருந்து எடுத்த கோப்பையும் அன்ட்ரங்க் தந்த கோப்பையும் அப்படியே வைத்திருங்கள்.